வால்வு மேல் பழி போடாதீர்கள்!

தாத்தா வாங்கிய ரேடியோ. பல வருஷமாகப் பரணில் கிடந்தது. பேரன் அதைக் கீழே இறக்குகிறான். தூசி தட்டுகிறான். பிளக்கைச் செருகுகிறான். டயல் விளக்கு எரிகிறது. அரை நிமிஷம் கழித்துப் பெட்டி வாயைத் திறக்கிறது. ஆனால் பேச்சைவிட உறுமல்தான் அதிகம்.

(பேரன் அப்படிப் பிளக்கைச் செருகியது தவறு. அதைப் பிறகு பார்க்கலாம்.)

மெக்கானிக்கிடம் பெட்டி போகிறது. "வால்வு போயிடுச்சு, ஐயா" என்கிறார் அவர். வீட்டார் பணம் கொடுக்கிறார்கள். வால்வு மாறுகிறது. உறுமல் மட்டும் மாறவில்லை. "அப்ப இன்னொரு வால்வும் போயிருக்கும்" என்று பதில் வருகிறது. இரண்டாவது வால்வுக்கும் பணம் போகிறது. பிறகு பெட்டி மறுபடியும் பரணுக்குப் போகிறது. அல்லது பழைய சாமான் கடைக்குப் போகிறது.

திருத்தணியில் மட்டுமல்ல; வால்வு ரேடியோ இருக்கும் ஊர்களில் எல்லாம் நடக்கக்கூடிய கதை இது. இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வால்வை மாற்றுவதற்கு முன்னால் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவு குறைவு. வேலைதான் அதிகம். அதனால்தான் பலர் அதைப் பார்ப்பதில்லை.

எல்லை இல்லாத அலை

திருத்தணிக்கும் ரேடியோவுக்கும் ஒரு தனி உறவு உண்டு. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. திருத்தணியும் அதோடு போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. அன்று மாநிலத்தின் பெயர் சென்னை ராஜ்யம்.

நடுவில் ஆறரை ஆண்டுகள். ஊர் ஒரு மாநிலத்தில். பேச்சு இரண்டு மொழியில். வரைபடத்தில் எல்லைக் கோடு மாறியது. வானொலி அலைக்கு அந்தக் கோடு தெரியாது. 1938 ஜூன் 16-ல் தொடங்கிய சென்னை நிலையம் திருத்தணிக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருந்தது. 1948 டிசம்பர் 1-ல் விஜயவாடா நிலையமும் வந்துவிட்டது. முள்ளைத் திருப்பினால் தமிழ். இன்னும் கொஞ்சம் திருப்பினால் தெலுங்கு. இரண்டும் ஒரே பெட்டியில் வரும்.

அன்று ரேடியோ வாங்குவது சாதாரண காரியமல்ல. தபால் ஆபீசில் லைசென்சுப் பணம் கட்ட வேண்டும். அந்த முறை 1980-களில்தான் ஒழிந்தது. வாங்க முடியாதவர்கள் பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்டார்கள். அல்லது பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். மர்பி, பிலிப்ஸ், ஜி.இ.சி., எச்.எம்.வி. என்று பெட்டியின் பெயரைச் சொல்லியே வீட்டை அடையாளம் காட்டிய காலம் அது.

அந்தப் பெட்டிகளைத்தான் இன்று எடைக்குப் போடுகிறார்கள். சில இடங்களில் இன்னும் மோசம். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் மரக்கூட்டில் புது ஸ்பீக்கரை வைத்து விற்கிறார்கள். கேட்டால், "உள்ளே எல்லாம் கெட்டுப்போச்சு" என்கிறார்கள். எல்லாம் கெட்டுப்போனதா, ஓர் இணைப்பு கெட்டுப்போனதா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

தட்டும் ஒரு கம்பிதான்

பெட்டியின் பின் அட்டையைக் கழற்றினால் உள்ளே ஓர் இரும்புத் தட்டு தெரியும். கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல இருக்கும். வால்வுகள் அதன் மேலே நிற்கும். கம்பிகள் அதன் அடியில் ஓடும். ரேடியோக்காரர்கள் இதைச் சேசிஸ் என்பார்கள்.

இந்தத் தட்டு வால்வுகளைத் தாங்குவதற்கு மட்டும் வைத்ததல்ல. இதுவும் ஒரு கம்பி. வால்வுகளுக்குப் போன மின்சாரம் திரும்பி வருகிற பொதுவழி இது. பத்து வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் ஒரே வடிகாலில் இறங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். வடிகாலில் ஓர் இடம் அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? அடுத்த வயலுக்குள் ஏறும். ரேடியோவில் அப்படி ஏறுவதுதான் உறுமல்.

தட்டோடு கம்பிகளைச் சேர்க்கச் சின்னச் சின்னத் தகட்டுக் காதுகள் உண்டு. மெக்கானிக்குகள் டேக் என்பார்கள். அந்தக் காது தட்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தால் நல்லது. ஆனால் பல பெட்டிகளில் ரிவிட் அடித்தோ, திருகாணி போட்டோ வைத்திருப்பார்கள். கம்பெனியில் செய்தபோது அது இறுக்கமாகத்தான் இருந்தது. அறுபது ஆண்டு ஆன பிறகு?

தட்டு இரும்பு. அதன் மேல் துத்தநாகமோ காட்மியமோ பூசியிருப்பார்கள். காது பித்தளை. ரிவிட் அலுமினியமாகவும் இருக்கலாம். வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் களிம்பு பிடிக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். களிம்பு இடுக்குக்குள் இருக்கும்.

சூடு இன்னொரு காரணம். வால்வு எரியும்போது தட்டு சுடும். அணைத்தால் ஆறும். சுடும்போது உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். தினம் இரண்டு வேளை வீதம் பல ஆண்டுகள் இப்படி நடந்தால் எந்த ரிவிட்டும் தளரும். அதற்குமேல் திருத்தணி வெயில் இருக்கிறது. கோடையில் தமிழ்நாட்டில் வெப்பம் அதிகம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருகிறது. ஓட்டுக்கு அடியில் பரணில் கிடந்த பெட்டி அந்த வெயிலையும் தாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தையும் தாங்கியது.

ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சில பெட்டிகள் தெளிவாகப் பாடும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இந்த வைத்தியம் உண்டு. தட்டினால் சரியாகிறது என்றால் என்ன அர்த்தம்? எங்கேயோ ஓர் இணைப்பு ஆடுகிறது என்று அர்த்தம். பெட்டியே நோயைச் சொல்லிவிடுகிறது. அப்புறமும் வால்வை மாற்றுகிறார்கள்!

ஒரு சின்னக் கணக்கு

ஓர் இணைப்பு கொஞ்சம் தளர்ந்தால் இவ்வளவு சத்தம் வருமா என்று கேட்கலாம். வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டிகளில் வால்வின் இழை 6.3 வோல்ட்டில் எரிகிறது. ஈ.எல்.84 என்ற வால்வு ஒன்றுக்கே 0.76 ஆம்பியர் வேண்டும். ஈ.சி.எச்.81, ஈ.பி.எப்.89 ஆகியவற்றுக்குத் தலா 0.3 ஆம்பியர். இன்னொரு சிறு வால்வையும் சேர்த்தால் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் ஆகிறது. பல பெட்டிகளில் இந்த மின்சாரம் முழுவதும் தட்டு வழியாகத்தான் திரும்புகிறது.

திரும்பும் வழியில் களிம்பு பிடித்த இணைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தடை 0.1 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை ஆம்பியரை 0.1 ஓமால் பெருக்கினால் 0.15 வோல்ட். ஏ.சி. மின்சாரம் ஆகையால் இது விநாடிக்கு 50 முறை துடிக்கும். ஒலியைப் பெருக்கும் வால்வுக்கு வருகிற பாட்டின் மின்னழுத்தமோ பல சமயம் இதைவிட மிகச் சிறியது. இரண்டும் ஒரே காதில் சேர்ந்திருந்தால் உறுமல்தான் ஜெயிக்கும். புது வால்வு என்ன செய்யும்? பாட்டோடு சேர்த்து உறுமலையும் நன்றாகப் பெருக்கித் தரும்.

உறுமலுக்கு எர்த் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. காய்ந்துபோன பில்டர் கண்டென்சர்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. பழைய பெட்டியில் அதை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். இங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கண்டென்சர் அலுமினியக் குவளை போல இருக்கும். குவளையின் உடம்பே அதன் எர்த் முனை. அதைத் தட்டில் முறுக்கி வைத்திருப்பார்கள். அலுமினியமும் இரும்பும் சேரும் அந்த இடத்தில் இணைப்பு கெட்டுவிடுகிறது. மெக்கானிக் புதுக் கண்டென்சரை வாங்கிப் பழைய காதிலேயே ஒட்டுகிறார். உறுமல் போவதில்லை. "புதுச் சாமானும் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறார்!

முள்ளைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் அது வேறு இடம். நிலையம் பிடிக்கும் கேங் கண்டென்சரில் தகடுகள் சுழலும். சுழலும் தண்டை ஒரு சிறு வில் தகடு தொட்டுக்கொண்டிருக்கும். அதுவும் எர்த் இணைப்பே. அதில் அழுக்குச் சேர்ந்திருக்கும். சுத்தம் செய்தால் போதும்.

செய்ய வேண்டியது என்ன?

வேலை தெரிந்தவர் முதலில் பிளக்கைப் பிடுங்குவார். உடனே கை வைக்க மாட்டார். கண்டென்சரில் 250 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பெட்டியைக் கவிழ்ப்பார்.

அடுத்து, ஒவ்வொரு காதுக்கும் தட்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்து ஓம் பார்ப்பார். சாதாரண மீட்டருக்கு 0.1 ஓம் என்பது பிடிபடாத அளவு. ஆகையால் இன்னொரு சோதனையும் உண்டு. இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு கம்பியை எடுத்து, சந்தேகப்பட்ட காதில் ஒரு முனையையும் தட்டில் நன்றாகச் சுரண்டிய இடத்தில் மறு முனையையும் மாட்டுவார். பிறகு பெட்டியைப் போடுவார். உறுமல் அடங்கினால் திருடன் அகப்பட்டுவிட்டான். டிரான்ஸ்பார்மர் மின்லைனைத் தனியாகப் பிரித்துத் தரும் பெட்டிகளில் மட்டும் செய்யக்கூடிய சோதனை இது.

தளர்ந்த ரிவிட்டைச் சுத்தியால் தட்டி இறுக்குவது தற்காலிக வேலை. ஆறு மாதத்தில் மறுபடியும் தளரும். ரிவிட்டை எடுத்துவிட்டுத் திருகாணி போட்டு, பல் உள்ள வாஷர் வைத்து, புதுக் காதை முடுக்குவதே நல்லது. வாஷரின் பல் உலோகத்தைக் கீறி உட்காரும். அல்லது பழைய காதுகள் எல்லாவற்றையும் ஒரு தடித்த செம்புக் கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியை உறுதியான ஓர் இடத்தில் தட்டோடு சேர்த்துவிடலாம். பெரிய தட்டில் நேரே ஈயம் வைக்கச் சின்ன சால்டரிங் அயர்ன் போதாது. தட்டு சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் ஒட்டினது போல இருக்கும், ஒட்டியிராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காட்மியம் பூசிய தட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஆபத்து. அந்தத் தூள் நஞ்சு. மூச்சில் போனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தட்டில் சூடு வைத்தால் எழும் புகையும் அப்படியே. ஆகையால் காட்மியத் தட்டுக்குச் செம்புக் கம்பி வழிதான் மேல்.

கூலி கொடுக்க மனமில்லை

இத்தனையும் செய்ய அரை நாள் ஆகும். செலவு என்ன? ஒரு திருகாணி, ஒரு வாஷர், ஒரு முழம் செம்புக் கம்பி. இதற்குப் பில் எப்படிப் போடுவது?

தொல்லை இங்கேதான் பிறக்கிறது. மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. புது வால்வைக் காட்டினால் வீட்டார் மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கிறார்கள். "எர்த் சரி பண்ணேன்" என்று சொன்னால், "ஒரு ஸ்குரூ முடுக்கினதுக்கா இவ்வளவு கேக்கறே, தம்பி?" என்கிறார்கள். சாமானுக்கு விலை உண்டு. வேலைக்கு விலை இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்கும் வரை மெக்கானிக் வால்வைத்தான் மாற்றுவார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

வால்வு இன்று மலிவாகக் கிடைப்பதும் இல்லை. 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954-ல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கிதார் போன்ற இசைக்கருவிகளின் பெருக்கிகளுக்காகச் சில வகைகளை மட்டும் வெளிநாடுகளில் இன்னும் செய்கிறார்கள். மற்றவை பழைய சரக்குதான். நல்ல வால்வைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அதைவிட வயதான வால்வைப் புதிது என்று வாங்கி மாட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

எர்த் இரண்டு

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்? எர்த் என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தில் உயிரே போய்விடலாம்.

வீட்டு எர்த் என்பது மண்ணில் புதைத்தது. கரியும் உப்பும் போட்டு, குழாயையோ தகட்டையோ இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனை அதோடு சேரும். ரேடியோவின் எர்த் என்பது மேலே சொன்ன இரும்புத் தட்டு. பல பெட்டிகளில் இரண்டையும் சேர்க்கலாம். சில பெட்டிகளில் சேர்க்கவே கூடாது.

அந்தச் சில பெட்டிகள் ஏ.சி./டி.சி. பெட்டிகள். அந்நாளில் சில நகரங்களில் டி.சி. மின்சாரம் ஓடியது. டி.சி.யில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. எனவே இரண்டிலும் ஓடும்படி டிரான்ஸ்பார்மர் இல்லாமலே பெட்டி செய்தார்கள். விலையும் குறைந்தது. அதற்காக ஒரு காரியம் செய்தார்கள். மின்லைனின் ஒரு கம்பியை நேரே தட்டில் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டு முனைப் பிளக்கை எப்படியும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் தட்டு நியூட்ரலில் இருக்கும். திருப்பிச் செருகினால் தட்டு முழுவதும் 230 வோல்ட். சில பெட்டிகளில் சுவிட்சை அணைத்த பிறகும் தட்டில் மின்சாரம் இருக்கும். அதனால்தான் அவற்றை மரக்கூட்டிலோ பேக்லைட் கூட்டிலோ அடைத்து வைத்தார்கள். குமிழின் திருகாணியைக்கூட ஆழத்தில் இறக்கி மெழுகு வைத்து மூடினார்கள். இன்று குமிழ் தொலைந்துபோய் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. பின் அட்டையை எலி தின்றிருக்கிறது. மெழுகு எப்போதோ உதிர்ந்துவிட்டது. குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பெட்டிக்குப் பிளக் செருகுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

இப்படிப்பட்ட தட்டில் வீட்டு எர்த்தைச் சேர்த்தால், பிளக் திரும்பியிருக்கும்போது லைன் நேரே மண்ணுக்குப் பாயும். பியூஸ் போகும், கம்பி எரியும். ஆகவே எர்த்தைச் சரி செய்ய உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது எந்த வகைப் பெட்டி என்பதுதான். வால்வுகளின் பெயரில் அடையாளம் இருக்கிறது. ஈ என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் பெட்டி. யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85 என்று யு எழுத்தில் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். டிரான்ஸ்பார்மர் கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. லைனைப் பிரிக்காத ஆட்டோ டிரான்ஸ்பார்மர் போட்ட பெட்டிகளும் உண்டு. இந்தப் பெட்டிகளை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் மெக்கானிக் மட்டுமே தொட வேண்டும். வீட்டில் யாரும் திறக்கலாகாது.

இந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் பயங்கரமானது. மத்திய அலை ஒலிபரப்பு பல இடங்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. பெட்டி நன்றாக இருந்தாலும் கேட்க நிலையம் குறைவு. அதனால் பெட்டியின் பின்னால் கிராமபோனுக்கென்று இருக்கும் துளைகளில் கைப்பேசியின் கம்பியைச் செருகிப் பாட்டுக் கேட்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் பெட்டியில், மூன்று முனைப் பிளக்கும் நல்ல எர்த்தும் இருந்தால், இதில் தவறில்லை. ஏ.சி./டி.சி. பெட்டியில் அந்தத் துளை தட்டோடு சேர்ந்திருக்கலாம். அப்போது 230 வோல்ட் கம்பி வழியாகக் கைப்பேசிக்கு வரும். கைப்பேசி கையில் இருக்கும்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டியை அன்றே மின்சாரத்தில் போடாமல் வைத்திருப்பது நல்லது. மெக்கானிக் முதலில் கண்டென்சர்களையும் எர்த்தையும் பார்ப்பார். பிறகு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் வைத்து மின்சாரம் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். மங்கலாக எரிந்தால் மேலே வேலை பார்க்கலாம்.